மூஞ்சி தெரியக் கூடாது

கரையான்சாவடியில் மீன் விற்கும் கோமளாவிடம் வாய் கொடுத்து மீண்டவன் கிடையாது. பேச்சு அப்படி, கையும் அப்படி. பள்ளிக்கூடத்தில் கபடி ஆடியவள். எவனாவது வாலாட்டினால் மணிக்கட்டில் ஒரு பிடி, அவ்வளவுதான், ஆள் குப்புற விழுவான்.

அப்படி ஒருவன் விழுந்ததைப் பார்த்துத்தான் கோகுல்நாத் அவளைத் தேடி வந்தான். நூம்பலில் ஃப்ளாட், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, சனி ஞாயிறானால் டைரக்டர். அடிதடியும் சிரிப்புமாகக் குறும்படம் எடுப்பான். குமணன்சாவடியில் கல்யாண வீடியோ எடுக்கும் நான்தான் அவனுக்குக் கேமரா.

மீன் விற்கும் பெண் ஒரு ரவுடியைப் புரட்டி எடுக்கும் கதை. கோமளாதான் நாயகி என்று நானும் அவளும் நம்பினோம். ஷூட்டிங்குக்குப் போய்ப் பார்த்தால், அவன் ஆபீஸ் பெண் ரோஷினி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். நல்ல சிவப்பு. அவள் முகத்துக்கும் கைக்கும் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டிருக்கிறார்கள். வசனத்துக்குக் கோமளாவின் குரலாம், சண்டைக்குக் கோமளாவின் முதுகாம். முகம் மட்டும் ரோஷினியாம். வெட்கங்கெட்டவன்!

“இன்னா சார், நான்தான் கறுப்பா கீறேனே? அந்தப் பொண்ணுக்கு எதுக்கு சாயம் பூசிக்கினு?” என்று கேட்டாள் கோமளா.

“உன் மூஞ்சியக் காட்டினா யாரும்மா கடைசி வரைக்கும் படம் பாப்பாங்க?” என்றான் கோகுல்நாத். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

டீ இடைவேளையில் கோமளா என்னிடம் வந்தாள். கண் சிவந்திருந்தது. “யூசுப் அண்ணாத்தே, இதே மூஞ்சிய கடைசி வரைக்கும் அவன பாக்க வெக்கல, நான் கோமளா இல்ல.”

எனக்கும் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. “கேமரா என் கைல கீது. நீ ஆடு,” என்றேன்.

கடைசிச் சண்டை முழுக்க ஒரே ஷாட். ரவுடியாக நடித்த வேம்புலியைத் தூக்கி மண்பானை அடுக்கில் வீச வேண்டும். இருந்ததே அந்த ஒரு அடுக்குதான். குறும்படப் போட்டிக்குப் படம் அனுப்ப மறுநாளே கடைசி நாள்.

“முதுகு மட்டும்! மூஞ்சி தெரியக் கூடாது!” என்று கத்திவிட்டு ஆக்‌ஷன் சொன்னான் கோகுல்நாத்.

ஒத்திகையில் எனக்கு முதுகு காட்டி வீசியவள், இப்போது வேம்புலியைப் பிடித்த வேகத்தில் சட்டென்று என் பக்கம் திரும்பினாள். தோளுக்கு மேலாக அவனைப் பின்னால் தூக்கிப் போட்டாள். பானைகள் நொறுங்கின. நான் கேமராவோடு அவள் முகத்துக்கே போனேன். கோகுல்நாத் “கட், கட்” என்று அலறியது என் காதில் விழவே இல்லை.

அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பானை உடையும் இடமெல்லாம் அவள் முகம். அதை வெட்டினால் சண்டையே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே அனுப்பினான்.

போட்டிக்கு வந்த படங்களை அம்பத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் திரையிட்டார்கள். கடைசிச் சண்டை வரை கொட்டாவிதான். கோமளா முகம் வந்ததும் விசில் பறந்தது. “இவ்ளோ நேரம் இந்த அக்காவ எங்கடா ஒளிச்சு வெச்சினு இருந்தீங்க?” என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான்.

கோகுல்நாத் நைசாக எழுந்தான். பக்கத்து நாற்காலியில் இருந்த கோமளா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“குந்து சார். கடைசி வரைக்கும் பாரு.”