ஸ்டெல்லா டீச்சரின் லேப்டாப்பும் என் கைவேகமும்

1. வாசிக்காதே, தட்டு

பாயான் பாரு தொழிற்பேட்டைப் பக்கம் ஓர் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், சூப்பர்வைசர் ஸ்டாப்வாட்சோடு என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். டெஸ்ட் ஸ்டேஷனில் சர்க்யூட் போர்டைச் செருக வேண்டும். ஸ்கிரீனில் வருகிற கேள்விக்கெல்லாம் என்டர் தட்ட வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் அடுத்த போர்டு. நான் புதுசு இல்லையா, ஸ்கிரீனில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக்கொண்டிருந்தேன்.

“என்னம்மா, பேப்பரா படிக்கிற? வாசிக்காத லா, தட்டு!”

அன்றைக்குத் தட்ட ஆரம்பித்தவள் இருபத்திரண்டு வருஷம் தட்டினேன். அந்த லைனிலேயே ராணியின் கைதான் வேகம் என்று பெயர் வாங்கினேன், டெக்னீஷியன் ஆனேன். கம்பெனி ஆள் குறைத்தபோது வெளியே வந்து, ஆயர் ஈத்தாமில் காய்கறிப் பாசாருக்குப் போகிற வழியில், பிளாட்டுக்குக் கீழே லேப்டாப் ரிப்பேர் கடை போட்டேன்.

பொம்பளை கடை என்பதாலேயே பெண்கள் தேடி வந்தார்கள். “ஆம்பளைங்க கடையில குடுத்தா போட்டோவெல்லாம் பாப்பாங்கக்கா” என்பார்கள். எனக்கு அதில் ஒரு கர்வம் உண்டு. யாருடைய ஃபைலையும் நான் திறந்து பார்த்ததே இல்லை, நெஞ்சைத் தொட்டுச் சொல்வேன். நான் பார்க்காமல் இருந்தால் போதும், வாடிக்கையாளரின் அந்தரங்கம் பத்திரமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். சரியான மக்கு.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். எழுதக் கை கூசுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

2. ஒரே அக்கவுண்ட்

ஸ்டெல்லா டீச்சர் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். என் கடைக்கு மேலே நாலாவது மாடியில் வீடு. கணவர் சூசை அண்ணன் கப்பல் கம்பெனியில் கிளார்க்காக இருந்தவர். ஸ்ட்ரோக் வந்து வலது கையும் காலும் போய்விட்டன, பேச்சு குழறிவிட்டது. புத்தி மட்டும் பழையபடி தெளிவு. யாராவது கையைப் பிடித்துக்கொண்டால் மெல்ல நடப்பார். அவர் கூப்பிடுவதற்கு டீச்சர் கட்டிலோரம் வயர்லெஸ் பெல் ஒன்று வைத்திருந்தார்.

சூசை அண்ணனுக்கு டேப்லெட் வாங்கியபோது செட் பண்ணிக் கொடுத்தது நான்தான். பேரப்பிள்ளை போட்டோ பார்ப்பார், இடது கை விரல் ஒன்றால் டைப் செய்வார்.

“அவருக்குத் தனியா ஒரு ஈமெயில் போடணுமா ராணிக்கா?” என்று டீச்சர் கேட்டார்.

“எதுக்கு டீச்சர் ரெண்டு? பாஸ்வர்டை மறந்துட்டு என் உயிர எடுப்பீங்க. உங்க அக்கவுண்டையே போட்டுடறேன், ஈசி லா.”

பெரிய சலுகை செய்வதாக எனக்கு நினைப்பு. கருவியின் பெயர் என்று கேட்ட இடத்தில் ‘சூசை’ என்று நானே டைப் செய்தேன்.

3. ஆறு ‘சரி’

பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு இனிமேல் செக்யூரிட்டி அப்டேட் கிடையாது என்று செய்தி பரவியதும் ஆயர் ஈத்தாமே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்த மாதிரி இருந்தது. தலைக்கு மேல் வேலை. டீச்சரும் வந்தார்.

“அக்கா, இதுல நான் எழுதுற ஃபைல் ஒண்ணு இருக்கு. அழிஞ்சிடக் கூடாது. யாரு கண்ணுலயும் பட்டுடவும் கூடாது.”

“நான் யாருக்குக் காட்டப்போறேன் டீச்சர்?” எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது.

“ஐயோ, உங்கள சொல்லலக்கா. என் மனசு ஆறுறதுக்கு எழுதுறேன், அவ்வளவுதான்.”

வெளி டிஸ்கில் எல்லாவற்றையும் காப்பி எடுத்தேன், அதில் குறை இல்லை. அப்கிரேடும் நல்லபடியாக முடிந்தது. முடிந்த பிறகு சிஸ்டம் வரிசையாகக் கேள்வி கேட்கும். நீங்கள் இருக்கும் இடத்தை அறியலாமா, உங்கள் உபயோகத் தகவலை அனுப்பலாமா, விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமா, உங்கள் ஃபோல்டர்களைக் கிளவுடில் வைத்து உங்கள் மற்ற கருவிகளிலும் காட்டலாமா. இப்படி ஆறு கேள்வி. ஆறுக்கும் ஒரே மூச்சில் ‘சரி’ தட்டிவிட்டு அடுத்த லேப்டாப்பை இழுத்தேன்.

அழியக்கூடாது என்று டீச்சர் சொன்னதால்தான் கிளவுடில் போட்டேன் என்று பின்னால் என்னை நானே சமாதானம் செய்துகொள்ளப் பார்த்தேன். அதெல்லாம் சும்மா. நான் எதையும் யோசிக்கவில்லை. கை தட்டியது, அவ்வளவுதான்.

4. பெல் சத்தம்

மூன்று வாரம் கழித்து, சூசை அண்ணன் பட்டப்பகலில் பாத்ரூமில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டீச்சர் வராந்தாவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

“சாப்பிட்டுட்டுக் கொஞ்சம் அசந்துட்டேன்கா. கைக்கெட்டுற தூரத்துல பெல் இருக்கு. ஏன் அடிக்கல? கொஞ்ச நாளாவே அடிக்க மாட்டேங்குறாரு. நானும் உடம்பு தேறி வருதுன்னு சந்தோஷப்பட்டேனே, பாவி.”

நானும் ‘ஆண்களுக்கே இந்த வீம்பு உண்டு டீச்சர்’ என்று ஆறுதல் சொல்லிவிட்டு, கொண்டுபோன ஆரஞ்சைக் கொடுத்துவிட்டு வந்தேன். என் வேலைக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று கனவிலும் தோன்றவில்லை.

அடுத்த வாரம் டீச்சர் லேப்டாப்போடு கடைக்கு வந்தார். முகம் வெளிறியிருந்தது.

“பெல் சத்தம் நின்னதும் எழுதுறத விட்டுட்டேன், ரொம்ப நாள் கழிச்சு இன்னிக்குத்தான் என் ஃபைலைத் திறந்தேன். நான் எழுதாத ஒரு வரி இருக்கு. எவனோ உள்ள பூந்துட்டான்கா. ஹேக்கரா?”

“நான் படிக்கலாமா டீச்சர்?”

“படிச்சாத்தானே தெரியும். படிங்க.”

அதுவரை தினமும் இரண்டு மூன்று வரி எழுதி வந்திருக்கிறார். ஓரிடத்தில் இப்படி இருந்தது: ‘இன்று ஒன்பது முறை பெல். ஒன்பதாவது முறை எழுந்தபோது, இவர் போய்விட்டால் நிம்மதியாகத் தூங்கலாமே என்று நினைத்தேன். ஆண்டவரே, என்னை மன்னியும்.’

அதற்குக் கீழே, எழுத்துப் பிழையோடு, ஒரு வரி: ‘இனி பெல் அடிக மாட்டேன். நீ தூங்கு.’

கடைசியாகத் திருத்தியது எந்தக் கருவி என்று பார்த்தேன். ‘சூசை’ என்று வந்தது. நான் டைப் செய்த அதே பெயர். பேரன் போட்டோவைத் தேடி டேப்லெட்டைத் திறந்தவருக்கு, புதிதாக வந்திருந்த ஃபோல்டரில் மனைவியின் மனசு கிடைத்திருக்கிறது. தேதியைப் பார்த்தேன். நான் அப்கிரேட் செய்து கொடுத்ததிலிருந்து நாலாவது நாள்.

வைரஸ் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. டீச்சருக்குத் தெரியவா போகிறது? ஆனால் அவர் இன்னும் ‘எவனோ’ என்று வெளியே தேடிக்கொண்டிருந்தார். அந்த எவனோ நான்தான். சொல்லிவிட்டேன். டேப்லெட்டில் ஒரே அக்கவுண்ட் போட்டது, ஆறு ‘சரி’ தட்டியது, எல்லாவற்றையும் சொன்னேன்.

டீச்சர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

“கிளவுடுல போடட்டுமான்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேக்க எவ்வளவு நேரம் ஆகும் ராணிக்கா?”

பத்து செகண்ட். ஸ்டாப்வாட்ச் வைத்து வேலை பார்த்தவளுக்கு அந்தக் கணக்கு நன்றாகவே தெரியும்.

“நான் எழுதுனது பொய்யில்லக்கா. அதான் வலிக்குது. ஆனா அடுத்த பெல் அடிச்சதும் எழுந்து போனேனே. அதை நான் எழுதலயே” என்று அழுதார்.

5. இப்போது

இப்போது நான் எந்தக் கேள்விக்கும் நானாகப் பதில் தட்டுவதில்லை. ஸ்கிரீனை வாடிக்கையாளர் பக்கம் திருப்பி, தமிழில் சொல்லி, அவர் வாயால் பதில் வாங்கிய பிறகுதான் விரலை வைக்கிறேன். ஆளுக்கு ஓர் அக்கவுண்ட், மறந்தால் மறக்கட்டும். அந்த அக்கவுண்ட் வேறு எந்தெந்தக் கருவியில் இருக்கிறது என்று முதலில் பார்க்கிறேன். இருப்பிடம், உபயோகத் தகவல், விளம்பரம் எல்லாவற்றையும் அவர்களிடம் சொல்லிவிட்டு நிறுத்திவைக்கிறேன். வேண்டுமென்றால் அவர்களே திறந்துகொள்ளட்டும்.

“என்னக்கா, இமிக்ரேஷன் கவுண்டர் மாதிரி இத்தனை கேள்வி!” என்று கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும். வெளி ஆள் திருடாமல் பார்த்துக்கொள்வது பாதி வேலைதான். வீட்டு ஆளுக்குக்கூடத் தெரியக்கூடாதது ஒவ்வொருவருக்கும் இருக்கும். அது என்ன என்று நமக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அதனால்தான் கேட்க வேண்டும்.

உண்மையைச் சொன்ன அன்றைக்கே டீச்சரிடம் முதல் தடவையாகக் கேட்டேன். “எல்லாத்தையும் கிளவுடுலேர்ந்து எடுத்திடட்டுமா டீச்சர்?”

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எடுத்திடுங்க. அந்த ஒரு ஃபைல் மட்டும் இருக்கட்டும்.”

சூசை அண்ணன் வீட்டுக்கு வந்து இப்போது வீல்சேரில் இருக்கிறார். டீச்சர் தினமும் அந்த ஃபைலில் ஒரே வரி எழுதுகிறாராம்: ‘பெல் அடிங்க.’ அண்ணன் அதை டேப்லெட்டில் திறந்து பார்க்கிறாராம். பதில் எழுதுவதில்லை.

இன்று காலை பாசாரில் டீச்சரைப் பார்த்தேன். “அண்ணன் பெல் அடிச்சாரா?” என்று கேட்டேன்.

“இன்னும் இல்லக்கா. அவரு கூப்பிட மாட்டாரு, நானாத்தான் போய்ப் பாக்கணும்” என்று சொல்லிவிட்டு, பேரம் பேசி எடுத்த கீரையைத் தராசுத் தட்டிலேயே வைத்துவிட்டு வேகமாக வீட்டுக்கு நடந்தார்.