வெதுரியாவின் ஐந்நூறு டிக்கெட்டுகள்

1911 அக்டோபர் 8: திறப்பு நாள் வசூல் 63 லேய்.
1938: ஆண்டு வசூல் 21,406 லேய்.
2008: ஆண்டு வசூல் 33 லேய்.
2009: ஆண்டு வசூல் 12 லேய்.

கடைசி வரிக்கு விளக்கம் தேவை. எங்கள் வெர்ஷேனி ரயில் நிலையத்தில் ஒரு டிக்கெட் எங்கள் நாட்டு நாணயத்தில் மூன்று லேய். ஆக, 2009இல் விற்றவை நான்கு. மூன்றை நிலைய அதிகாரி வெதுரியா தானே வாங்கினாள். நான்காவதை வாங்கியவர் ஊர் வழக்கம் தெரியாத ஒரு டேனிஷ்காரர்.

கூட்டத்துக்குக் குறைவில்லை. காலை 7.12 வண்டிக்கு ஒரே பெட்டி. நிற்க இடம் இருக்காது. இருபத்திரண்டு ஆண்டுகள் அங்கே சரக்கு எடைபோட்டவன் நான். இப்போதும் தலைகளை எண்ணுகிறேன். சராசரி 58. டிக்கெட் பரிசோதகர் கீட்சாவின் பையில் ஆறு முட்டையோ ஒரு துண்டு பாலாடைக்கட்டியோ வைத்தால் பயணம் செய்யலாம். அதனால், ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்கும் பெரியவரைப் போல, ஊரே அவரை ‘ஞானத்தகப்பன்’ என்றது.

வெதுரியாவுக்கு வயது ஐம்பத்துநான்கு. சிவப்புத் தொப்பியை இரண்டு ஊசிகளால் கொண்டையில் குத்தியிருப்பாள். இருபத்தாறு ஆண்டுகளாக நிலையத்தின் மாடியில்தான் குடியிருப்பு. தாமதமாக வரும் ரயிலை முகத்துக்கு நேரே திட்டுவாள். காத்திருப்பு அறைக்குள் நுழையும் கோழிகளிடம், “வண்டி வர நேரமிருக்கு, வெளிய நில்லுங்கடி” என்பாள்.

2010 ஜனவரி 11 அன்று தலைமையகம் எழுதியது: இவ்வாண்டுக்குள் ஐந்நூறு டிக்கெட் விற்காவிட்டால் நிலையம் மூடப்படும். வேலையும் போகும், மாடியும் போகும்.

ஞாயிறு வழிபாடு முடிந்ததும் வெதுரியா தேவாலய வாசலில் எல்லோரையும் மறித்தாள். “ஆளுக்கொரு டிக்கெட் எடுங்களேன், என்ன குறைஞ்சிடுவீங்க?”

ஆடு மேய்க்கும் சொஃப்ரோனி திகைத்துப்போனான். “டிக்கெட்டா? ரயில்ல போறதுக்கா?”

“இல்ல, உன் ஆட்டுக்குத் தீனி போடறதுக்கு.”

“அதில்லக்கா. ஞானத்தகப்பன் மூஞ்சிக்கு முன்னால டிக்கெட்ட நீட்டுனா அவரு மனசு நோகுமே.”

“நீட்டாத. தொப்பிக்குள்ள வச்சுக்க.”

அதுவே சட்டமாயிற்று. டிக்கெட்டைத் தொப்பியிலும் காலுறையிலும் ரொட்டிக்குள்ளும் ஒளித்தார்கள். முட்டையையும் தவறாமல் கொடுத்தார்கள். மே 19 அன்று சொஃப்ரோனி தும்மினான். தொப்பி கழன்று, டிக்கெட் கீட்சாவின் காலடியில் விழுந்தது.

கீட்சா குனிந்து அதை எடுத்தார். “உனக்கு நான் என்னடா குறை வச்சேன்?”

“ஐயோ, அது என்னோடதில்ல ஞானத்தகப்பா. ஆட்டோடது.”

“ஆட்டுக்குன்னா சரி” என்று கீட்சா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டிசம்பர் 30, காலை 7.05க்கு ஐந்நூறாவது டிக்கெட் விற்றது. ஊரே கைதட்டியது. ஆனால் ஜனவரியில் தலைமையகம் கணக்குகளை ஒப்பிட்டு விளக்கம் கேட்டது. விற்றவை ஐந்நூறு, பரிசோதகரின் தாள்களிலோ ஆண்டு முழுவதும் பயணிகள் இல்லை.

“பொய்க் கணக்குன்னு என்னை உள்ள தள்ளப் போறாங்க!” என்று வெதுரியா கீட்சாவின் சட்டையைப் பிடித்தாள்.

“நான் உண்மையத்தான் எழுதினேன் தாயி. யாரும் எங்கிட்ட டிக்கெட் காட்டலியே!”

அவள் பதில் ஏதும் எழுதாமல், பாத்திரங்களை மூட்டை கட்டினாள். மூட்டைகள் ஒன்பது. அவற்றின்மேல் அமர்ந்தபடியே தலைமையகத்தின் முடிவை எனக்கு வாசித்துக் காட்டினாள்:

“ஐந்நூறு பேர் டிக்கெட் வாங்கியும் ஒருவர்கூட ஏற முடியவில்லை. ஒற்றைப் பெட்டியில் இடமில்லாததே காரணம் என்று அறிகிறோம். வருந்துகிறோம். மார்ச் 1 முதல் இரண்டாவது பெட்டி இணைக்கப்படும். நிலையம் தொடர்ந்து இயங்கும்.”

கடிதம் வந்த நாள்: 2011 பிப்ரவரி 17, வியாழன்.