ஃபியட்டுக்கு இரண்டு ஒல்லி டயர்

குற்றாலலிங்கத்துக்குப் பொறுமை போதாது என்பார்கள். கரமனை டயர் கடையில் பதினெட்டு வருஷம் அவர் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவன் சொல்கிறேன், அவ்வளவு பொறுமை யாருக்கும் ஆகாது. வருகிற ஒவ்வொருவனும் பார்வைக்குத் தடித்த டயராகக் கேட்பான். இவர் வாயை மூடிக்கொண்டு மாட்டிக் கொடுப்பார். தான் தேர்ந்தெடுத்த டயரில் ஒரே ஒரு வண்டியாவது ஓட வேண்டும் என்பதுதான் மனுஷனின் ஆசை.

2003இல் அதற்கு வாய்ப்பு வந்தது. ஸ்ரீவராகத்து மஹேஷ் தன் பழைய ஃபியட்டின் எஞ்சினுக்கு ஏகத்துக்கும் வேகம் ஏற்றி, கால் மைல் பந்தயத்துக்குத் தயார் செய்திருந்தான். நேர் ரோட்டில் இரண்டிரண்டு கார்களாக விடுவார்கள். முதலில் போய்ச் சேருவது ஜெயிக்கும். நாலுக்கும் தடித்த டயர் வேண்டும் என்று வந்து நின்றான்.

“தம்பி, இந்த வண்டியத் தள்ளுறது பின்சக்கரம். அதுக்குத் தடிச்சதப் போடு, ரோட்டைப் பிடிக்கும். முன்னாடி சும்மா உருண்டாப் போதும்லா? ஒல்லியா, கனம் கம்மியாப் போடணும்” என்றார் லிங்கம்.

“பாக்கச் சகிக்காதே அண்ணாச்சி” என்று அவன் இழுத்தான். மூன்று வாரம் மன்றாடிய பிறகுதான் தலையாட்டினான். குடோனில் தூசி படிந்து கிடந்த இரண்டு ஒல்லி டயர்களைத் தேடிப் பிடித்து, வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அவற்றை முன்பக்கமும் தடித்ததைப் பின்பக்கமும் மாட்டி அனுப்பினார் லிங்கம். அன்று அவர் சீட்டியடித்ததை நானே கேட்டேன்.

அங்கேதான் வினை. வெள்ளிக்கிழமை பதினொரு மணி ராகுகாலம். மஹேஷின் அம்மா விஜயம் குதித்தாளாம். “ராகுகாலத்துலயாடா சக்கரத்த மாட்டிண்டு வந்தே? கழட்டுடா நாலையும்!”

சனிக்கிழமை நல்ல நேரம் பார்த்துக் கழற்றி, அலம்பி, சந்தனம் குங்குமம் வைத்து, மஹேஷே திரும்ப மாட்டியிருக்கிறான். எங்களிடம் ஒரு வார்த்தை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்கு இரண்டு பஸ் மாறி நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஃபியட் புறப்படும் கோட்டில் நின்றிருந்தது. தடித்த டயர் முன்னால், ஒல்லி டயர் பின்னால்.

“அட பாவி, மாத்தி மாட்டிட்டானே!” என்று லிங்கம் கத்தினார். கொடி இறங்கிவிட்டது. பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றின. ஒரே வெள்ளைப் புகை. அடுத்த கார் எல்லையைத் தாண்டும்போது இவன் பாதிதான் வந்திருந்தான். கூட்டமோ புகையைப் பார்த்து விசிலடித்தது.

மஹேஷ் சிரித்த முகமாக வந்தான். “எஞ்சின் முன்னாடின்னா இருக்கு? கனம் தாங்கட்டுமேன்னு தடிச்சத அங்கே போட்டேன். புகையப் பாத்தேளா அண்ணாச்சி!” எனக்கு அவனை ஓங்கி அறையலாம் போலிருந்தது.

திங்கட்கிழமை கடை திறக்குமுன்பே மூன்று கார்கள் வந்து நின்றன. புகை வருகிற அந்த ஒல்லி டயர்தான் வேண்டுமாம், பின்னால் போட. முதலாளி நாகேஸ்வரனுக்கு வாயெல்லாம் பல். “லிங்கம், நீ தேர்ந்தெடுத்த டயருக்கு வந்த யோகத்தப் பாத்தியா! மாட்டு, மாட்டு” என்றார்.

லிங்கம் ஜாக்கியை எடுத்துக்கொண்டு போய் முதல் காரின் பின்பக்கம் குந்தினார்.