தையல் ஆலைக்கு வந்த பென்சில்

ஆலையில் அவளுக்கு வைத்த பெயர் பென்சில். ஓவியம் படித்து, சில கண்காட்சிகளும் வைத்துவிட்டு, நாற்பதை நெருங்கும் வயதில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவள். நாள் முழுக்கத் தைக்கிற உடம்பு எப்படி வளைகிறது என்பதை வரைந்து வரைந்தே கண்டறிவதுதான் ஆய்வு. அங்கே காலர் தைக்கும் அவள் அண்ணிதான் மேனேஜரிடம் கேட்டு உள்ளே கூட்டிவந்தாள்.

பென்சில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்ததும் பக்கத்து மெஷின்களில் பேச்சு அடங்கிவிடும். முதுகு விட்டுப்போனாலும் யாரும் நிமிர மாட்டார்கள்.

"சும்மா படம் போடவா உள்ள விடுவாங்க?" என்று பட்டன் தைக்கிறவள் அண்ணியிடம் கேட்டாள். "யாரு வேலை செய்றா, யாரு எழுந்து போறான்னு மேல போகுது. உனக்கும் இதுல பங்கு உண்டா?"

அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் அண்ணியின் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது. வீட்டிலும் அண்ணி பென்சிலிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை; ஒரு நாள் மட்டும் கேட்டாள்: "நீ வரையிறது எங்க போகுதுன்னு உனக்கே தெரியுமா?"

"என் நெறியாளரத் தவிர யாரும் பாக்கறதில்ல அண்ணி."

சொல்லிவிட்டாளே தவிர, பென்சிலுக்கு உறுத்தியது. ஜன்னலோரத்து இரண்டு பேர் அடிக்கடி எழுந்து போவதாக மேனேஜர் அவளிடமே சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தார். அவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. அந்தக் காலி நாற்காலிகள் அவளுடைய படங்களில்தான் இருந்தன.

நெறியாளரிடம் போய்க் கேட்டாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அனுமதி குடுத்தவங்க கேட்டாங்க, ஸ்கேன் அனுப்பினேன். இடம் கெடச்சதே பெருசும்மா," என்றார்.

மறுநாள் டீ நேரத்தில் பென்சில் எல்லார் முன்னாலும் நின்றாள். "நீங்க நெனச்சது சரிதான். எனக்குத் தெரியாமலே மேல போயிருக்கு." அவரவர் படத்தை அவரவர் கையில் கொடுத்தாள்.

"தெரியாமன்னு நாங்க எப்படி நம்புறது?" என்றாள் பட்டன்காரி.

சிலர் படத்தைக் கிழித்தார்கள், சிலர் மடித்துப் பைக்குள் வைத்தார்கள். சாயங்காலமே வாசல் காவலாளி அவளுடைய அனுமதி அட்டையை வாங்கிக்கொண்டார். ஜன்னலோரத்து இருவரும் நின்றபடியே செய்யும் இஸ்திரி வேலைக்கு மாற்றப்பட்டார்கள்.

பென்சில் நெறியாளரை மாற்றிக்கொண்டாள், படிப்பு ஒரு வருடம் தள்ளிப்போனது. ஒரு விடுமுறை நாளில் பட்டன்காரி, அண்ணியோடு பென்சிலின் வீட்டுக்கு வந்தாள். முதலில் கதவைச் சாத்தச் சொன்னாள். பென்சிலின் போனை வாங்கி அடுத்த அறையில் வைத்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, மெஷின் முன்னால் இருப்பதுபோலக் குனிந்தாள்.

"இப்ப வரை. ஆனா படம் என்கூடத்தான் வரும்."

முடிந்ததும் தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள். ஆய்வேட்டில் பென்சில் அந்த வளைந்த முதுகை எழுத்தால் மட்டுமே விவரித்திருக்கிறாள்.