ஒரு பூத்து போதும்

சட்டசபைத் தேர்தலன்று போனக்காடு பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் வந்தவள், டவுனில் பழவங்காடி ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறவள். ஓட்டு மட்டும் பிறந்த ஊரான போனக்காடு தேயிலை எஸ்டேட்டில். மை வைக்கப்போகும் விரலை முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"மழையில லயத்து வீடு ஒழுகுதுன்னு எம்.எல்.ஏ. கிட்ட சொன்னோம் அண்ணாச்சி. குடை வாங்கிக்கோன்னு சிரிச்சாரு. இன்னிக்கு விரல் நோக அமுக்குவேன், அவருக்கு எதிரா."

"எப்படியும் அவர்தானே ஜெயிப்பார்?"

"ஜெயிக்கட்டும். ஒவ்வொரு பூத்து ஓட்டையும் தனித்தனியாத்தானே எண்ணுவாங்க? எங்க பூத்துல தோத்தாருன்னு அவருக்குத் தெரியணும். அது போதும்."

அவர் ஜெயித்தார். நன்றி சொல்ல ஊர் ஊராக ஜீப்பில் வந்தார். கல்லாறில் என் கடை முன்னாலும் நின்று கும்பிட்டார். போனக்காட்டுக்கு மட்டும் போகவில்லை.

தெரிந்துவிட்டது.