வாய்க்கால் வழியாக மில்லுக்கு

கிள்ளை ரயிலடிக்குப் பக்கத்தில் நெல் மில் வந்தபோது எனக்கு ஏழு வயதிருக்கும். அதுவரை எங்கள் ஊரில் வேலை என்றால் பெரிய வீட்டுக்காரர் வயல்தான். பெண்கள் நடவு நட்டாலும் களை பறித்தாலும், கூலி நெல்லை வீட்டு ஆம்பளையிடம்தான் அளந்து போடுவார்கள். என் அப்பா அவரிடம் வருஷத்து ஆள். நாங்கள் குடியிருந்த மனையும் அவருடையதுதான்.

அத்தை அப்பாவின் தங்கை. புருஷன் செத்த பிறகு எங்களோடு வந்து இருந்தாள். மில்லில் நெல் அவிக்கவும் காயவைக்கவும் பெண்களை எடுக்கிறார்கள், கூலியை அவரவர் கையிலேயே கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் கிளம்பிவிட்டாள். நான் இப்போது குடியிருக்கிற செம்மண்டலத்தில் காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பெண்களைப் பார்க்கும்போதெல்லாம், எங்கள் ஊரில் இதற்கு முதலில் இறங்கியவள் எங்கள் வீட்டுப் பெண் என்று நினைத்துக்கொள்வேன்.

பெரிய வீட்டுக்காரர் சத்தம் போடவில்லை. மில்லுக்குப் போகிறவள் என் வரப்பில் கால் வைக்கக் கூடாது என்று ஆள்விட்டுச் சொன்னார், அவ்வளவுதான். மில் இருந்ததோ வயலுக்கு அந்தப் பக்கம். ரோட்டைச் சுற்றிப் போனால் போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் போய்விடும். அத்தை வாசலில் நின்று கொஞ்ச நேரம் வயலையே பார்த்தாள்.

"வரப்பு அவுரோடது, சரி. வாய்க்கா சர்க்காரோடதுதானே?" என்றாள்.

மறுநாள் காலையில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சோற்றுத் தூக்கைத் தலையில் வைத்து, முட்டியளவு தண்ணீரில் இறங்கி நடந்தாள். அப்பா தெருவில் நின்று கத்தினார். குடியைக் கெடுக்க வந்தவள், இனி அவளோடு எனக்குப் பேச்சே இல்லை என்றார். பெரிய வீட்டு வயல்களை மேற்பார்க்கிற ஏஜெண்டு அந்த நேரம் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். தினமும் காலையில் இந்தக் கத்தல் நடந்தது. அத்தை திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

அப்புறம் வாய்க்காலில் முள் கிடக்க ஆரம்பித்தது. ஏஜெண்டுதான் ஆள் வைத்துப் போடச் சொல்கிறார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கருவேல முள், சேற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாது. சாயங்காலம் அத்தை காலை நீட்டி உட்கார்ந்து ஊசியால் நோண்டி எடுத்தாள். அம்மா அழாத குறையாக, போதும் விட்டுவிடு என்று கெஞ்சினாள்.

"குத்துனா புடுங்கிப் போட்டுட்டுப் போறேன் அண்ணி. அதுக்காக ஊட்ல உக்காந்துருவனா?"

மறுநாள் விடியற்காலையில் வாய்க்கால் பக்கம் போன நான் அப்பாவைப் பார்த்தேன். தண்ணீரில் நின்றிருந்தார். இரண்டு கையிலும் முள். அக்கம்பக்கம் திருட்டு முழி முழித்துக்கொண்டிருந்தார். ஓடிப் போய் அத்தையிடம், அப்பாதான் முள்ளுப் போடுறாரு என்று சொல்லிவிட்டேன்.

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன்.

"இத யாருகிட்டயும் சொல்லிடாதடி கண்ணு. ஏஜெண்டு காதுல வுழுந்துச்சுன்னா உங்கப்பா வேல போயிடும்."

ஏஜெண்டு சொல்லித்தானே அப்பா போடுகிறார், பிறகு வேலை ஏன் போக வேண்டும் என்று கேட்க எனக்குத் தெரியவில்லை.

அத்தை நிற்கவில்லை. ஐப்பசி வருவதற்குள் அவள் பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள் வாய்க்காலில் இறங்கி, சிரித்துப் பேசிக்கொண்டே போனார்கள். அந்தப் போகம் நடவுக்கு ஆள் பற்றவில்லை. ஏஜெண்டே சைக்கிளை விட்டு இறங்கி வந்து, இனி வரப்பு மேலேயே போங்கள், நடவு நாளில் மட்டும் வயலுக்கு வாருங்கள் என்றார்.

"இருக்கட்டுங்க. காலு தண்ணிக்குப் பழகிப் போச்சு" என்றாள் அத்தை.

நான் மட்டும் அப்பாவோடு வெகுநாள் பேசவில்லை. கூப்பிட்டாலும் பக்கத்தில் போக மாட்டேன். அவர் கையெல்லாம் கீறலாக இருந்ததைப் பார்த்து, நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அன்று விடியற்காலையில் அவர் நின்ற இடத்துக்கு மேலே, கரையில், சேறும் தண்ணீரும் சொட்டச் சொட்ட ஒரு குவியல் முள் கிடந்தது. அதையும் நான் என் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.