மேற்கு ஜன்னலுக்கு ஐந்து அரளி

அரளி சாகாது என்று நர்சரிக்காரர் சொன்னார். ஆடு கடிக்காது, வெயில் தாங்கும், வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் போதும், ஒரே வருடத்தில் ஆள் உயரம் வரும். நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். நான் அப்போது ஒரு நாளிதழுக்கு விருத்தாசலம் தாலுகா நிருபர். யார் எது சொன்னாலும் எழுதிக்கொள்வது பழக்கம். எழுதியதை நம்புவது வேறு விஷயம்.

பீங்கான் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் புதிதாகப் போட்ட மனைப்பிரிவில் வீடு கட்டிக் குடிவந்து அப்போது ஆறு மாதம் ஆகியிருந்தது. இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. மனைவி கருவேப்பிலங்குறிச்சியில் ஆசிரியை; காலை ஏழரை பஸ்ஸைப் பிடித்தால் திரும்ப ஐந்து மணி. ரயில்வே கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற என் அப்பா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து மேற்கு அறையில் படுத்திருந்தார். அந்த அறையின் ஜன்னல் தெருவைப் பார்த்தது. கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் அந்த வழியாகத்தான் போனார்கள். ஒவ்வொருவரும் தலையைத் திருப்பி உள்ளே ஒரு பார்வை பார்த்தார்கள்.

“சந்தையில வச்ச பூசணிக்கா மாதிரி பாத்துட்டுப் போறானுங்க” என்று அப்பா கொம்பை நீட்டி ஜன்னலைச் சாத்திக்கொள்வார். சாத்தினால் மதியம் இரண்டு மணிக்கு அந்த அறையில் மூச்சு விட முடியாது. எனவே ஜன்னலை மறைக்கும் செடி வேண்டும். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமலே வளர வேண்டும்.

கேட்கக் கேட்க, எல்லாச் செடியிலும் ஒரு குறை இருந்தது. நந்தியாவட்டை வைத்தால் விடிவதற்கு முன் பூ பறிக்க ஜன்னலடியில் கூட்டம் நிற்கும். மருதாணி வைத்தால் தெருப் பெண்கள் எல்லோரும் வருவார்கள். செம்பருத்திக்கு மாவுப்பூச்சி. ஆளை மறைக்க வைக்கும் செடியே ஆளைக் கூட்டி வரக்கூடாது. அரளிக்கும் பூ பறிக்க வருவார்களே என்று நர்சரிக்காரரைக் கேட்டேன். “பால் கையில பட்டுச் சொறிஞ்சவன் ரெண்டாவது நாளு வரமாட்டான் சார்” என்றார். ஐந்து வாங்கினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓரடிக் குழி எடுத்து, செம்மண்ணும் எருவும் போட்டு நட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றார். பொம்மை செய்யும் சிறு கம்பெனி ஒன்றில் பிளாஸ்டர் அச்சு செய்கிறவர். முழங்கை வரை எப்போதும் வெள்ளையாக இருக்கும்.

“ஓரடி பத்தாதுங்க சார். மூணடி தோண்டுங்க.”

வீட்டின் அஸ்திவாரமே அந்தச் சுவருக்கு மூன்றடிதான். அதை ஒட்டி மூன்றடி தோண்டச் சொல்கிறவரை ஏற இறங்கப் பார்த்தேன். அவர் வீட்டு முன்னால் ஏராளமான செடிகள் இருந்தன. ஒன்றுகூடத் தரையில் இல்லை. விரிசல் விட்ட வாஷ்பேசின், உடைந்த கக்கூஸ் பீங்கான், காது போன ஊறுகாய் ஜாடி. கம்பெனிகள் கழித்துப் போட்ட சரக்கில்தான் அவருடைய ரோஜாவும் அரளியும் வளர்ந்தன.

“நீங்க ஏன் தரையில வைக்கல?”

“தரை மேல நமக்கு நம்பிக்கை இல்லீங்க” என்று சிரித்தார்.

பேட்டியில் பதிலோடு சேர்த்துச் சிரிக்கிறவர் எதையோ மறைக்கிறார் என்பது என் தொழில் அனுபவம்.

மூன்றாவது வாரத்தில் முதல் அரளி மஞ்சளானது. ஐந்தாவது வாரத்தில் அது பட்டுப்போய், இரண்டாவது மஞ்சளானது. வரிசையை நான் கவனித்தேன். அச்சுக்காரர் வீட்டுப் பக்கத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாக எங்கள் வாசல் பக்கம் வந்துகொண்டிருந்தது. நெடுஞ்சாலையின் நடுவே டீசல் புகையில் நின்று பூக்கிற செடி, என் ஜன்னலடியில் மட்டும் ஏன் சாக வேண்டும்?

சாட்சி வீட்டுக்குள்ளேயே இருந்தது. “பன்னண்டு பத்துக்கு சைக்கிள்ல சாப்பாட்டுக்கு வர்றான்” என்றார் அப்பா. நாற்பது வருடம் ரயில் நேரம் குறித்த மனிதர், நிமிடம் தவறாது. “பன்னண்டு இருவதுக்கு வாளியோட ஜன்னலுக்கு வெளிய நிக்கிறான். ஒவ்வொரு செடிக்கும் ஊத்துறான்.”

“வாளியில என்னாப்பா?”

“வெள்ளையா இருக்குது.”

முழங்கை வரை பிளாஸ்டர் பூசிய மனிதர். வாளியில் வெள்ளையாக ஏதோ. மேலும் விசாரிக்க வேண்டிய தேவை எனக்குத் தோன்றவில்லை.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. வாளியை வைத்துவிட்டு அவர் எங்கள் வீட்டுக்குள் வருவார். எங்கள் மாற்றுச் சாவி அவரிடம்தான் இருந்தது. அப்பாவைத் தூக்கி உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குச் சாப்பிடப் போவார். நாங்கள் இருவரும் இல்லாத பகலில் அப்பாவின் உடம்பு புரள்வது அந்த ஒரு முறைதான்.

சாவியைத் திருப்பிக் கேட்டேன். “இனிமே நாங்களே பாத்துக்கறோங்க.”

அவர் காரணம் கேட்கவில்லை. “சரிங்க சார்” என்று அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்தார். காரணம் கேட்காததையும் குறித்துக்கொண்டேன்.

எட்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை அப்பா ஒரே வாக்கில் கிடந்தார். பத்தாவது நாள் முதுகின் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்திருந்தது. மனைவி பவுடர் போட்டுக்கொண்டே கேட்டாள்: “வாளியில என்னா இருந்துதுன்னு அவுருகிட்டயே கேட்டீங்களா?”

“கேட்டா சொல்லிடுவாரா?”

“பேப்பர்ல போடறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் கேக்கணும்னு எனக்குப் பாடம் எடுப்பீங்களே.”

நான் கேட்கப் போகவில்லை. ஆதாரம் தேடினேன். வேளாண்மை அலுவலகத்தில் மண் பரிசோதனைக்கு மாதிரி எப்படி எடுப்பது என்று விசாரித்து வந்தேன். முதல் அரளி செத்த இடத்தில், எரு போட்ட மண்ணையெல்லாம் ஒதுக்கிவிட்டு, கடப்பாரையை இறக்கினேன். ஓரடிக்குக் கீழே அது மண்ணில் இறங்கவில்லை. டக்கென்று ஒரு சத்தம். குனிந்து கையால் விலக்கினேன். வெள்ளையாக ஒரு பாளம். அதன் மேல் தேங்கி நின்ற தண்ணீர் நாறியது. அரளியின் வேர் அந்தப் பாளம் வரை வந்து, பக்கவாட்டில் திரும்பி, அழுகியிருந்தது.

பெயர்த்து எடுத்தேன். பாதிப் பிள்ளையார். பிளாஸ்டர் அச்சின் ஒரு பக்கம். தும்பிக்கை உள்பக்கமாகக் குழிந்திருந்தது. அதன் கீழே இன்னொன்று. அதற்கும் கீழே பீங்கான் பியூஸ் கட்டைகள், ஜாடி மூடிகள்.

வீடு கட்டும்போது மனை பள்ளமாக இருந்தது. மட்டம் ஏற்ற டிராக்டர்காரரை அழைத்தது நான். “எதைக் கொட்டினாலும் சரி, சீக்கிரம் கொட்டுங்க” என்று சொன்னதும் நான். இந்த ஊரில் பள்ளத்தைத் தூர்க்க எது வரும் என்று இந்த ஊர்க்காரனான எனக்குத் தெரியாததல்ல. பள்ளம் அதிகமாக இருந்தது அச்சுக்காரர் வீட்டுப் பக்கம். அங்கே கழிவும் அதிகம். அரளி செத்த வரிசை அதுதான். கொட்டிய அன்று அவர் வேலியோரம் நின்று, “சார், இது அச்சு வேஸ்ட்டு, இதுமேல எதுவும் முளைக்காதுங்க, செம்மண்ணு அடிங்க” என்று சொன்னார். செம்மண் லாரிக்காரருக்கு ஆள் பிடிக்கிறார் என்று அப்போது நினைத்தேன்.

பிள்ளையார் அச்சோடு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தார். களைந்த தண்ணீர் ஒரு பிளாஸ்டிக் வாளியில் சேர்ந்திருந்தது. அச்சுக்காரர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“நம்ம கம்பெனி சரக்குதான். தும்பிக்கை சரியா வரலன்னு கழிச்சிப் போட்டோம்.” பிறகு என் முகத்தைப் பார்த்தார். “வாளிய எட்டி எட்டிப் பாக்கறீங்க. அரிசித் தண்ணிதான் சார். சந்தேகமா இருந்தா ஒரு டம்ளர் குடிச்சிப் பாருங்க.”

அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். நான் சாவியை நீட்டினேன். அவர் உடனே வாங்கவில்லை.

“செடிக்கு ஊத்துனதுக்குக் கோவம்னா என்கிட்ட சொல்லியிருக்கலாம். பெரியவருகிட்ட ஏன் காட்டுனீங்க?”

நான் சாவியை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினேன். அதை வாங்கி அவர் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார்.

மறுநாள் ஒரு மூன்று சக்கர வண்டியில் ஐந்து கக்கூஸ் பீங்கான்கள் வந்தன. எல்லாம் விரிசல் விட்டவை. ஜன்னலடியில் வரிசையாக வைத்து, அவரே மண் நிரப்பி, தன் வீட்டு அரளிகளை மண்ணோடு பெயர்த்து வந்து நட்டார். இடுப்புயரச் செடிகள், பீங்கான் மேல் நின்றதும் ஜன்னலுக்குச் சரியாக வந்தன. கொம்பால் ஜன்னலைத் திறந்து அப்பா எட்டிப் பார்த்தார்.

“வூட்டுக்குள்ள இருக்கற ஒண்ணுக்கே என்னால நடந்து போவ முடியல. வெளிய அஞ்சா?”

“பெரியவரே, எழுந்து நடங்க. எது வேணுமோ எடுத்துக்கங்க.”

தெருவில் போகிறவர்கள் இப்போது இன்னும் நன்றாகத் திரும்பிப் பார்த்தார்கள், ஆனால் பீங்கான்களை. இலைக்குப் பின்னால் இருந்த ஆள் யார் கண்ணிலும் படவில்லை. ஜன்னல் அதற்குப் பிறகு பகலில் மூடப்படவில்லை.

அந்த வாரம் ஒருநாள் மதியம் செய்தி அனுப்பிவிட்டு, சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன். வாளி செடியோரம் இருந்தது. அவர் உள்ளே அப்பாவைத் தூக்கிக்கொண்டிருந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டு, குனிந்து ஒரு விரலை வாளியில் தொட்டு மோந்தேன். அரிசித் தண்ணீர்தான்.

நிமிர்ந்தபோது அரளி இலைகளுக்கு நடுவே அப்பாவின் முகம் தெரிந்தது.

“பன்னண்டு இருவத்தஞ்சு” என்றார். “குறிச்சிக்கடா.”